ஒரு கைப்பிடி கோதுமை மாவு

மேவா சிங் மூட்டை தூக்குகிறவன். தானிய மண்டியில் கோதுமையும் நெல்லும் லாரியில் ஏற்றி ஏற்றியே காய்ப்பு ஏறிய முதுகு. சண்டிகர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வாசலில் கூட்டம் நெரிந்தது. மனைவியை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறிவிடலாம் என்று முடிவு செய்தபோது மூட்டையைத் தூக்குகிற மாதிரியேதான் தூக்கினான். குனிந்தான், முதுகில் சரித்தான், ஒரு குலுக்குக் குலுக்கி இடம் பார்த்து அமர்த்திக்கொண்டான்.

"குலுக்காதீங்க ஜீத்தோ அப்பா. உள்ளே ஒண்ணும் இல்லை, எலும்புச் சத்தம்தான் வரும்" என்றாள் ஜஸ்மேல் கவுர்.

"ஒரு மூட்டைகூட இல்லை நீ. முக்கால் மூட்டை."

"அப்போ முக்கால் கூலிதான்."

மாடிப்படியில் நின்றிருந்த ஒருவர் சிரித்தார். மேவா சிரிக்கவில்லை. நல்ல நாளில் அவள் இருந்த கனம் அவனுக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் மண்டியில் சிந்திய கோதுமையைக் கூட்டி, புடைத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆண்களைத் திட்டியபடியே நடக்கிறவள். நாலு வருஷமாக வயிற்றுப்போக்கு. உள்ளூரில் முதலில் பூச்சி என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். கடைசியில்தான் ஒருவர் சரியாகச் சொன்னார்: கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. அன்றிலிருந்து மக்காச்சோள ரொட்டிதான். மக்காச்சோளத்துக்கு மாறியவர்கள் பக்கத்து ஊரிலேயே இரண்டு பேர் தேறி எழுந்து நடமாடுகிறார்கள். ஜஸ்மேல் மட்டும் எழவில்லை. கட்டிலிலேயே கிடந்து உருகினாள். பல் ஈறு புண்ணாகிப்போனது. கால் வீங்கியது.

டாக்டர் சூத் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண். குழாய் விட்டு எடுத்த சதைத் துணுக்கின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மேவாவைப் பார்க்காமல் ஜஸ்மேலைப் பார்த்தே பேசினார்.

"பீபி, இது சாதாரணக் கோதுமைக் கோளாறு இல்லை. அதோட சேர்ந்து, எங்கேயோ ஒருத்தருக்கு வர்றது. உன் சிறுகுடல் உள்தோலுக்குக் கீழே தழும்பு மாதிரி ஒரு பட்டை படிஞ்சிருக்கு. சாப்பாட்டுச் சத்து அதைத் தாண்டி உள்ளே போகாது. நீ எவ்வளவு தின்னாலும் பட்டினிதான்."

"அந்தப் பட்டை கரையுமா டாக்டரம்மா?"

"பழைய புத்தகத்துல கரையாதுன்னு எழுதியிருக்கு. இது வந்தவங்க பிழைக்கலைன்னும் எழுதியிருக்கு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இப்போ நிறைய பேர் எழுந்திருக்காங்க. சிலர் எழுந்திருக்கலை. சிலருக்கு அது குடல் புற்றா மாறியிருக்கு. நீ எந்தப் பக்கம்னு எனக்கு இன்னிக்குத் தெரியாது."

மேவா தலைப்பாகையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டான். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

"எழுந்தவங்க என்ன பண்ணி எழுந்தாங்க?" ஜஸ்மேல் கேட்டாள்.

"ஸ்டீராய்டு மாத்திரை. அதைவிட முக்கியம், கோதுமை ஒரு துளிகூட உள்ளே போகாம பார்த்துக்கிட்டது. இங்கேதான் எனக்கு உன்கிட்ட சண்டை. உன் ரத்தம் வேற சொல்லுது. நீ இன்னும் கோதுமை தின்கிறே."

"வாஹேகுரு மேல சத்தியமா இல்லை."

"சத்தியத்தை ரத்தம் கேட்காது பீபி. எங்கிருந்தோ போகுது. ரத்தத்துல கோதுமைக்கு எதிரான சத்தம் ஓயற வரைக்கும் இந்த மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஓஞ்ச பிறகும் பட்டை அப்படியே இருந்தா, அது பிடிவாதக்கார வகை. அப்புறம் கடுமையான மருந்துக்குப் போகணும், அது உடம்பையே சாய்க்கும். எங்கிருந்து போகுதுன்னு கண்டுபிடி. நான் உன் வீட்டுக்கு வந்து அடுப்படியில உட்கார முடியாது."

இறங்கும்போது ஜஸ்மேல் முதுகில் ஏற மறுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கோபத்தில் இருந்தாள். அந்தக் கோபம்தான் அவளைக் கீழே வரை கொண்டுவந்தது.

*

வீடு வந்ததும் கட்டிலை அடுப்படிக்கு எதிரே இழுத்துப் போடச் சொன்னாள்.

ஒரே முற்றத்தில் இரண்டு வீடுகள். எதிர்வீடு மேவாவின் செத்துப்போன அண்ணனுடையது. அண்ணி பந்த் கவுர் அங்கே மகனோடு இருந்தாள். வாய் பெரிசு, கை அதைவிடப் பெரிசு. ஜஸ்மேல் படுத்ததிலிருந்து துணி துவைப்பதும் எருமைக்குத் தீனி வைப்பதும் அவள்தான். ரொட்டி மட்டும் மேவா சுடுவான். மண்டிக்குப் போகும் முன் விடியலிலேயே மாவு பிசைந்து, சுட்டு, பிய்த்துப் பருப்பில் ஊறவைத்து, புண்ணான அவள் வாயில் ஒவ்வொரு வாயாக ஊட்டிவிட்டுத்தான் கிளம்புவான். மாலை வந்தும் அப்படியே. பஞ்சாபி ஆம்பிளை மனைவிக்கு ரொட்டி சுடுகிறான் என்பது ஊருக்கு ஒரு வேடிக்கை. ஆனால் பந்த் கவுரே ஒத்துக்கொண்டிருக்கிறாள்: "நம்ம பொம்பளைங்க கைக்கே மக்காச்சோள ரொட்டி விரிஞ்சு போகுது. இவன் கையில என்னமா மெத்துன்னு வருது!"

முதலில் ஜஸ்மேல் நிறுத்தியது குருத்வாராவின் அல்வாவை. அது கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும். பந்த் கவுரின் தோளைப் பிடித்துக்கொண்டு குருத்வாராவுக்குப் போனவள் வாங்க மறுக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாள், நெற்றியில் தொட்டாள், பக்கத்தில் இருந்தவள் கையில் வைத்தாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"பிரசாதம் வாங்கின கையையா கழுவுவாங்க?" வீடு வந்ததும் பந்த் கவுர் ஆரம்பித்தாள். "ஊரே என்னைக் கேட்குது. என்ன பதில் சொல்லட்டும்?"

"கழுவலைன்னா செத்துப்போவான்னு சொல்லுங்க அக்கா."

"குரு குடுக்கிறது யாரையும் கொல்லாது."

"அவர் கொல்ல மாட்டார். என் குடலுக்கு அவரைத் தெரியாது, கோதுமையைத்தான் தெரியும்."

பந்த் கவுர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனாள்.

அடுத்தது மாவு மில். ஜஸ்மேல் படுத்தபடி யோசித்து யோசித்து அதைப் பிடித்தாள். ஊரில் ஒரே மில்தான், ஒரே கல்தான். காலையிலிருந்து கோதுமை அரைத்த கல்லில்தான் அவளுடைய மக்காச்சோளமும் அரைபடுகிறது. முன்னால் அரைத்தவனுடைய மாவு கல் இடுக்கில் நின்று அடுத்தவன் மூட்டைக்குள் போகும். ஊரில் யாருக்கும் அது ஒரு குறையே இல்லை.

"பரண் மேல நம்ம மாமியார் திரிகை கிடக்கே, அதை இறக்குங்க அக்கா."

"இறக்கி?"

"வீட்டிலேயே திரிக்கலாம்."

"யார் திரிக்கிறது? உனக்கு எச்சில் முழுங்கவே தெம்பில்லை."

ஜஸ்மேல் பரணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பந்த் கவுர் அவளை முறைத்தாள். பரணைப் பார்த்தாள். "நான் போன ஜென்மத்துல உங்க வீட்டுக் கழுதை" என்று சொல்லிக்கொண்டே ஏணியைக் கொண்டுவந்தாள்.

அன்றிலிருந்து முற்றத்தில் திரிகைச் சத்தம். மக்காச்சோளத்தை ஜஸ்மேல் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவாள். பந்த் கவுர் கழுவிக் காயவைத்துத் திரிப்பாள், திரிக்கும்போதே திட்டுவாள். கைப்பிடி கழன்றால் திட்டு. மாவு கொரகொரப்பாக விழுந்தால் திட்டு. அவள் திட்டாமல் திரித்த அன்று ஜஸ்மேலுக்குப் பயமாகிவிட்டது, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

குளிர் முற்றியது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு அப்படியே இருந்தது.

டாக்டர் சூத் இந்த முறை குரலை உயர்த்தவில்லை. அதுதான் ஜஸ்மேலுக்கு உறைத்தது. "இன்னொரு முறை பார்ப்போம். அப்புறம் அந்தக் கடுமையான மருந்துதான். உன் மகளை ஒரு தடவை வரச் சொல்லிப் பார்த்துக்கோ" என்றார்.

மகள் ஜீத்தோ மோகா பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஜஸ்மேல் அவளைக் கூப்பிடவில்லை. "பார்க்க வான்னா சாகப்போறேன்னு அர்த்தம். நான் கூப்பிட மாட்டேன்" என்று மேவாவிடம் சொல்லிவிட்டாள்.

பேருந்தில் வரும் வழி முழுவதும் மேவா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் கோதுமைப் பயிர், பச்சையாக, அவன் ஆயுசு முழுவதும் பார்த்த மாதிரியே.

*

சந்தேகம் பந்த் கவுர் மேல் விழுந்தது. வேறு யார் மேல் விழும்? திரிக்கிறவள் அவள்தான்.

"அக்கா, திரிகையில நீங்க எப்பவாவது கோதுமை உடைச்சீங்களா? எருமைக்கு, கஞ்சிக்கு, எதுக்காவது?"

பந்த் கவுர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நான் உனக்கு விஷம் வைக்கிறேன்னு சொல்றியா?"

"கேட்டேன்."

"கேட்பே. தோள்பட்டை கழண்டு போச்சு எனக்கு. நாளையிலிருந்து நீயே திரி, நீயே தின்னு, நீயே சாவு." முறத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் வழக்கம்போல வந்து திரித்தாள். பேசவில்லை. திட்டவும் இல்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மண்டிக்கு லாரி சீக்கிரம் வந்துவிட்டது. கூலிக் கூட்டத்துத் தலைவன் ஆள் அனுப்பினான். மேவாவுக்கு ஊட்ட நேரமில்லை. ரொட்டியைத் துணியில் சுற்றிக் கட்டில் ஓரம் வைத்தான், பருப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் மூடிவைத்தான், "ஆறிடும், உடனே சாப்பிட்டுடு மகராசி" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

ஜஸ்மேல் துணியைப் பிரித்தாள். முழு ரொட்டியை அவள் கையால் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. பிய்த்தாள்.

ரொட்டி உடையவில்லை. இழுபட்டுக் கிழிந்தது.

கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். இன்னொரு ரொட்டியை எடுத்து இரண்டாக மடித்தாள். மடிந்தது. மடித்த இடத்தில் ஒரு கீறல் இல்லை. அதை விரித்துப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டினாள். சுருண்டு அப்படியே நின்றது.

மக்காச்சோள ரொட்டி மடியாது. பாவாடை கட்டிய வயசிலிருந்து அவள் தட்டிய ரொட்டி அது. ஈரக் கையால் தட்டும்போதே ஓரம் விரியும். தவாவில் போடும்போது ஒரு மூலை போகும். அதை விரலால் ஒட்ட வைப்பாள், திருப்பும்போது மறுபடி போகும். மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்காமல் பிடித்து நிறுத்த ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஊரில் எல்லா அடுப்படியிலும் நடப்பதுதான், ஒருத்தரும் மறைப்பதும் இல்லை. மாவில் ஒரு கைப்பிடி கோதுமை மாவு போடுவது.

"அக்கா" என்று கூப்பிட்டாள். குரல் போதவில்லை. கிண்ணத்தைத் தரையில் தட்டினாள்.

பந்த் கவுர் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றாள்.

"இதை மடிச்சுக் காட்டுங்க."

பந்த் கவுர் ஒரு ரொட்டியை வாங்கி மடித்தாள். மறுபடி மடித்தாள். நாலாக மடிந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ பாவி" என்றாள் கடைசியில். "நான் வேற அவன் கையைப் புகழ்ந்தேனே." பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் தோளு போச்சே. இவ்வளவும் திரிச்சது வீணாப் போச்சே. வரட்டும் அவன்."

"நீங்க பேசாதீங்க அக்கா. நான் பேசிக்கிறேன்."

*

மேவா வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தலைப்பாகை, தாடி, புருவம் எல்லாம் தானியத் தூசி. ஜஸ்மேல் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குத் தலையணை வைக்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அப்படியே இருக்கு? சாப்பிடலையா?"

"அதைச் சுருட்டுங்க."

"என்ன?"

"ரொட்டியைச் சுருட்டுங்க ஜீத்தோ அப்பா."

அவன் சுருட்டவில்லை. எடுக்கவே இல்லை. தோள் துண்டை இறக்கி முகத்தைத் துடைத்தான், பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"உடையுது மகராசி. என் கையில நிக்கலை. தவாவுக்குப் போறதுக்குள்ள நாலு துண்டாப் போகுது. அதனால ஒரு கைப்பிடி…"

"நாலு துண்டாவே குடுத்திருக்கலாமே. நான் என்ன முழு நிலா மாதிரி வேணும்னா கேட்டேன்? எப்படியும் பிச்சுப் பருப்புல போட்டுத்தானே ஊட்டினே?" அவள் அவனை நீ என்று பேசுவது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் அது கேட்டது.

அவன் துண்டை மடித்தான், பிரித்தான். எருமை சங்கிலியை இழுத்தது.

"உடையறதுக்காகப் போடலை நீ" என்றாள். "உண்மையைச் சொல்லு."

மேவா தரையில் உட்கார்ந்தான். சுமையை இறக்கிய கூலிக்காரன் உட்கார்கிற மாதிரி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"வெறும் மக்காச்சோளம் தின்னு நீ எப்படி எழுந்திருப்பே? நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போனே. ஒரு கைப்பிடி போனா கொஞ்சம் தெம்பு வரும்னு நினைச்சேன். மருந்து மாதிரி. அந்த டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்தது. நெஞ்சுல இறங்கலை. தினமும் அதைத்தானே தூக்குறேன் நான். இந்தியா பூரா அதைத் தின்னுதான் நிக்குது. உன்னை மட்டும் அது எப்படிச் சாய்க்கும்?"

"சாய்ச்சிருக்கு. கண்ணைத் திறந்து பாரு."

அவன் பார்த்தான். அவளுடைய மணிக்கட்டை, தொளதொளத்த சட்டைக் கழுத்தை, வீங்கிய காலை. பிறகு குனிந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

"அழறதை அப்புறம் வச்சுக்கோ" என்றாள் ஜஸ்மேல். "எனக்கு நேரம் இல்லை. கோதுமை டிரம்மைக் காலி பண்ணு."

"எந்த டிரம்மை?"

"உள்ளே இருக்கே, ஆளுயரத்துக்கு. அதை."

"ஜஸ்மேலு, அது வருஷத்துச் சாப்பாடு."

"உன் வருஷம். என்னோடது இல்லை."

கோதுமை டிரம் இல்லாத வீடு அந்த ஊரில் கிடையாது. பெண் கொடுக்க வருகிறவன் முதலில் அதைத் தட்டித்தான் பார்ப்பான். மேவா எழுந்தான். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே முற்றத்தின் குறுக்கே கோதுமையை மூட்டை மூட்டையாகப் பந்த் கவுர் வீட்டுக்குச் சுமந்தான். அக்கம்பக்கம் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தது. சொத்துப் பிரிக்கிறார்களா என்று ஒருத்தி கேட்டாள். "ஆமாம், கோதுமையும் நாங்களும் பிரிஞ்சுட்டோம்" என்று ஜஸ்மேல் கட்டிலிலிருந்தே கத்தினாள். கத்தி முடித்ததும் இருமல் வந்து மடங்கிப்போனாள். அடுத்து தவா போனது, பலகை போனது, உருட்டுக்கட்டை போனது, மாவு சலித்த சல்லடை போனது. அடுப்படியைச் சாம்பல் போட்டு இரண்டு தடவை கழுவ வைத்தாள்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் அரிசி வெந்தது. பந்த் கவுர் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதா சாப்பாடு? நடவுக்கு வர்ற பிகார்க்காரன் தின்கிறது."

"நடவு நடறது அவன்தானே அக்கா. நம்ம ஆளுங்க வரப்புல நின்னு போன்தானே பேசுறாங்க."

பந்த் கவுருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை அறியாமல் வந்ததால் கோபமும் வந்தது. ரொட்டி இல்லாமல் மூட்டை தூக்க முடியாது, மேவாவுக்கு இனி என் வீட்டில் சாப்பாடு, கை கழுவிவிட்டுத்தான் உன் வாசல் மிதிப்பான் என்று அவளே தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனாள்.

*

டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டியவன் மேவாதான் என்று ஜஸ்மேல் பிடிவாதமாக இருந்தாள். அவன் நின்றபடி, தரையைப் பார்த்தபடி சொன்னான். திட்டு விழும் என்று காத்திருந்தான்.

டாக்டர் சூத் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எவ்வளவு நாளா?"

"இவ படுத்ததிலிருந்து."

"தினமும்?"

"ரெண்டு வேளையும்."

"இதைவிட நல்ல செய்தி இந்த வருஷம் எனக்கு யாரும் சொல்லலை" என்றார் டாக்டர்.

மேவா நிமிர்ந்தான். விளங்கவில்லை. ஜஸ்மேலுக்கு விளங்கியது. "அப்போ என் குடல் பிடிவாதம் பண்ணலை" என்றாள் மெதுவாக. "நாமதான் விடாம அடிச்சிருக்கோம்."

"இருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன். பட்டை பட்டைதான், அது இன்னும் அங்கேதான் இருக்கு. ஆனா கடுமையான மருந்தை இப்போ தொட மாட்டேன். மாத்திரையைத் தொடருவோம். கோதுமை நிஜமாவே நின்னா என்ன ஆகுதுன்னு முதல் தடவையா பார்க்கப்போறோம்." பிறகு மேவாவிடம் திரும்பினார். "சர்தார்ஜி, இனிமே உங்க அன்பை அரிசியில காட்டுங்க."

பார்ப்பது என்பது லேசாக இல்லை. அரிசிக் கஞ்சி முதலில் தங்கவில்லை. மாத்திரையில் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது, உடம்பு அப்படியே குச்சியாக இருந்தது. "முகம் மட்டும் தேறுது, மத்தது பின்னால வரும்" என்று பந்த் கவுர் ஆறுதல் சொன்னாள். ஒரு வாரம் நன்றாக இருப்பாள், அடுத்த வாரம் விழுவாள். விழும்போதெல்லாம் எது உள்ளே போனது என்று வீட்டையே கவிழ்த்துத் தேடுவாள். ஒரு முறை கடையில் வாங்கிய பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருந்தது. பெருங்காயம் வாங்குவதே நின்றது. மகள் ஜீத்தோ தானாகவே வந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பிஸ்கட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

அறுவடை வந்தபோது மண்டி முழுக்கக் கோதுமைப் புழுதி. மேவா மாலையில் வாய்க்கால் பம்பு செட்டில் தலையோடு குளித்து, உடுப்பை அங்கேயே அலசிப் பிழிந்து, வேறு துணி கட்டிக்கொண்டு வீடு வருவான். மண்டிக் கூட்டாளிகளுக்கு அது கொண்டாட்டம்.

"என்ன மேவா, புது மாப்பிள்ளை மாதிரி குளிச்சுட்டுப் போறே?"

"வீட்டுல அரிசியாமே. அடுத்த வருஷம் பாட்னாவுக்கு ரயில் ஏறிடுவான்."

மேவா சோப்பு நுரைக்குள்ளிருந்து பதில் சொல்வான். "என் பொண்டாட்டி நடக்கிறா. அது போதும். உங்க பொண்டாட்டிங்க உங்களைப் பார்த்து ஓடுறாங்க." பிறகு காதுக்குள் விரல் விட்டுக் கழுவுவான், நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டுவான். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. ஜஸ்மேல் வாசலில் நின்று அவன் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்ததோடு சரி.

அவள் அவனை மறுபடி நீங்க என்று பேச ஆரம்பிக்கவில்லை. நீயே நிலைத்துவிட்டது.

*

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி குழாய் விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று படிக்கட்டில் அவள் முன்னால் ஏறினாள், அவன் பின்னால் வந்தான். பாதியில் நின்றாள். அவன் குனியப்போனான். "வேண்டாம், மூச்சு வாங்கிட்டு வர்றேன்" என்றாள்.

டாக்டர் சூத் வழக்கம்போல நேராகச் சொன்னார். "பட்டை மெலிஞ்சிருக்கு. போகலை. ஆனா மெலிஞ்சிருக்கு. மேல புதுத் தளிர் மாதிரி விரல் விரலா வளர ஆரம்பிச்சிருக்கு. ரத்தத்துல கோதுமைக்கு எதிரா ஒரு சத்தமும் இல்லை. புற்றுக்கான அடையாளம் இன்னிக்கு இல்லை."

"இன்னிக்கு" என்றாள் ஜஸ்மேல்.

"இன்னிக்கு. வருஷா வருஷம் நீ வரணும். நான் வருஷா வருஷம் பயந்துக்கிட்டேதான் முடிவைத் திறப்பேன். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். குறைக்கும்போது மறுபடி வரலாம், வராமலும் இருக்கலாம். பிழைச்சுட்டேன்னு கொண்டாடாதே. செத்துட்டேன்னு படுக்காதே."

மேவா தொண்டையைச் செருமினான். "அப்போ டாக்டரம்மா, பைசாகிப் பண்டிகை அன்னிக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை, பிரசாதம் மட்டும் ஒரு துளி…"

டாக்டர் வாயைத் திறக்கும் முன் ஜஸ்மேல் திரும்பினாள். அந்தப் பார்வையில் அவன் பாதி வாக்கியத்தோடு எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டான். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

பேருந்து நிலையத்தில் கொண்டைக்கடலையும் கோதுமை மைதா ரொட்டியுமாகச் சோலே குல்சா போடுகிறவனின் வண்டியிலிருந்து நெய்யும் மசாலாவும் கலந்த வாசனை வந்தது. ஜஸ்மேல் நின்றாள். வயிற்றுக்குள் ஏதோ இழுத்தது. முதலில் வலி என்று பயந்து கையை வைத்துப் பார்த்தாள். வலி இல்லை. பசி. இழுத்துப் பிடித்துக் கேட்கிற பசி. நாலைந்து வருஷமாக அவள் சாப்பிட்டது எல்லாம் சாப்பிடச் சொன்னதற்காகச் சாப்பிட்டது.

பக்கத்து வண்டியில் ராஜ்மாவும் சோறும் இருந்தது. போய் நின்றாள்.

"தம்பி, இந்தக் கரண்டியைப் பக்கத்து வண்டியில போடுவீங்களா?"

"எல்லாம் ஒரே வண்டிதான் அம்மா, அவன் என் தம்பி."

"குல்சா தொட்ட கையாலதான் சோறு அள்ளுவீங்களா?"

"கையில என்ன அழுக்கா இருக்கு? சாப்பிடறதுன்னா சாப்பிடுங்க, சி.பி.ஐ. விசாரணை எல்லாம் வேண்டாம்."

"வேண்டாம்" என்றாள். "நல்லா வியாபாரம் ஆகட்டும்."

மேவா அவள் பின்னாலேயே நின்றான். அவனுக்கும் காலையிலிருந்து ஒன்றும் இல்லை. "நானும் வீட்டுக்குப் போயே…"

"நீ தின்னு. உனக்கு என்ன கேடு? நாளைக்கு லாரி வருது. தள்ளி நின்னு தின்னு, முழங்கை வரை கழுவிட்டு வா."

அவன் வண்டிக்கு அந்தப் பக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவசர அவசரமாகத் தின்றான். பிறகு குழாயடியில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தேய்த்தான். தாடியையும் நனைத்துப் பிழிந்தான். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினான். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள்.

"வீடு போக மூணு மணி நேரம் ஆகுமே. தாங்குவியா?"

"தாங்குவேன்" என்றாள் ஜஸ்மேல். "போனதும் பெரிய பானையை எடுத்து வை. சின்னதுல வச்சா எனக்குப் பத்தாது."